மலைக்கு முன் மணல்காடு: வரைபடமும் கொம்பாசும் பழகுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். "இந்த ஒழுங்கையாலை கிழக்கே போங்கோ தம்பி, தேர்முட்டி வரும், அதிலை தெற்கே திரும்பினால் மூன்றாவது படலை" என்பார்கள். இடது, வலது என்று சொல்பவர் குறைவு. கிணறு வீட்டுக்கு எந்த மூலையில், சோளகக் காற்று எந்த யன்னலால் வரும், வாடைக் காற்று எப்போது தொடங்கும் என்பதெல்லாம் சின்ன வயதிலேயே திசையோடு சேர்ந்து மனதில் ஏறியவை. அதனால் எனக்குத் திசை தவறாது என்றுதான் நம்பியிருந்தேன், மலைநாட்டில் நக்கிள்ஸ் மலையில் ஒருநாள் முகில் இறங்கும் வரை.

சூரியன் தெரியவில்லை. கோபுரம் கிடையாது, கடல் இரைச்சல் கிடையாது. ஐந்து பேர் நின்றோம். வடக்கு எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்க, ஐந்து கைகள் மூன்று பக்கம் நீண்டன. கைபேசியைத் திறந்தால் வெறும் சாம்பல் கட்டங்களுக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி. ஜிபிஎஸ் வேலை செய்துகொண்டுதான் இருந்தது, அதற்குக் கைபேசிக் கோபுரத்துச் சிக்னல் தேவையில்லை. ஆனால் படத்தை முன்கூட்டியே இறக்கி வைக்காததால் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒன்றுமே இல்லை. எங்களோடு வந்த ஊர்க்கார ஐயா ஒருவர்தான் பாதை பிடித்துக் கீழே இறக்கினார். இறங்கும்போது ஒன்று விளங்கியது. என்னிடம் இருப்பதாக நான் நினைத்த திசையறிவு யாழ்ப்பாணத்து வேலிகளிலும் கோபுரங்களிலும் இருந்திருக்கிறது. அவற்றை விட்டு வந்ததும் அதுவும் என்னை விட்டுப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் வரைபடமும் கொம்பாசும் பழகினேன். முழுக்கவும் யாழ்ப்பாணத்திலேயே பழகினேன். மலையே இல்லாத ஊரில் மலைக்கான பயிற்சியா என்று கேட்கலாம். நான் உறுதியாகச் சொல்வேன்: தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. இங்கே பிழைத்தால் யாரோ ஒருவருடைய வெங்காயத் தோட்டத்துக்குள் போய் நிற்பீர்கள். மலையில் பிழைத்தால் இரவைக் குளிரில் கழிக்க வேண்டி வரும்.

முதலில் ஒரு தெளிவு

கொம்பாஸ் என்றதும் பள்ளிக்கூடத்துக் கொம்பாஸ் பெட்டி ஞாபகம் வரும். நான் சொல்வது காந்த ஊசி உள்ள திசைகாட்டியை. (அந்தப் பெட்டியில் உள்ள பாகைமானியை எறிந்துவிட வேண்டாம், கீழே தேவைப்படும்.)

கொம்பாஸ் ஒரே ஒரு வேலைதான் செய்யும்: வடக்கைக் காட்டும். நீங்கள் நிற்கும் இடத்தை அது சொல்லாது, போக வேண்டிய வழியையும் சொல்லாது. அவற்றைப் படம்தான் சொல்லும், அதுவும் நிலத்தோடு சேர்த்துப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும். புதிதாகத் தொடங்கும் பலர் நல்ல கொம்பாசாகத் தேடி வாங்கிவிட்டுப் படத்தைப் பொருட்படுத்துவதில்லை. என் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வேலை படத்தில் இருக்கிறது.

எந்தப் படம்?

இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது வெளியிடும் 1:50,000 படங்கள்தான் நடப்பவர்களுக்கு ஏற்றவை. முழு நாடும் 92 தாள்களில் வந்துவிடும். கொழும்பு நாரஹேன்பிட்டியில் தலைமையகம் இருக்கிறது, மாவட்ட அலுவலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

1:50,000 என்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். படத்தில் 2 சென்ரிமீற்றர் என்றால் நிலத்தில் 1 கிலோமீற்றர். அவ்வளவுதான். சின்ன விரலின் அகலம் ஏறக்குறைய எவ்வளவு என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் அடிமட்டம் இல்லாமலே தூரம் சொல்லிவிடலாம்.

படத்தில் நெடுக்கும் குறுக்குமாகச் சதுரக் கட்டங்கள் ஓடும். அவற்றின் எண்கள் எங்கிருந்து எண்ணப்படுகின்றன தெரியுமா? நாட்டின் ஆக உயர்ந்த மலையான பிதுருதலாகலையிலிருந்து. 2,524 மீற்றர் உயரமான அந்த மலைக்குப் பழைய முறையில் கிழக்கு 200,000 மீற்றர், வடக்கு 200,000 மீற்றர் என்று எண் கொடுத்திருக்கிறார்கள். பூச்சியம் என்று கொடுத்திருந்தால் அதற்கு மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஊர்களுக்கெல்லாம் கழித்தல் குறி போட வேண்டியிருக்கும். யாழ்ப்பாண நகரம் அந்த மலையிலிருந்து ஏறத்தாழ 295 கிலோமீற்றர் வடக்கே, 83 கிலோமீற்றர் மேற்கே இருக்கிறது. ஆகவே எங்கள் கட்ட எண் கிழக்கு 117, வடக்கு 495 கிலோமீற்றரை ஒட்டி வரும். 1999ஆம் ஆண்டு முறையில் மலைக்கு 500,000, 500,000 என்று எண் மாறியது. அதனால் ஒருவரிடம் இடத்தைச் சொல்லும்போது எந்தப் படத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எண் வாசிக்கும்போது எப்போதும் கிழக்கு முதலில், வடக்கு பிறகு.

வற்றும் குளமும் சமவுயரக் கோடும்

மலைப் படத்தை முதன்முதலாக விரிப்பவரை மிரட்டுவது அதில் நெளிந்து கிடக்கும் மண்ணிறக் கோடுகள்தான். சமவுயரக் கோடுகள் என்று புவியியல் பாடத்தில் படித்திருப்போம். படித்தும் பலருக்கு அவை கண்ணில் மலையாக எழும்புவதில்லை. எனக்கும் எழும்பவில்லை, ஒரு வைகாசி மாதம் வற்றிக்கொண்டிருந்த குளத்தடியில் நிற்கும் வரை.

மாரியில் நிரம்பிய குளம் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்கும்போது கரையில் வரி வரியாகத் தடம் விட்டுப் போகும். சருகும் பாசியும் காய்ந்த நுரையும் சேர்ந்து ஒரு கோடு, அதற்குக் கீழே இன்னொரு கோடு. அந்த ஒவ்வொரு வரியும் ஒருநாள் தண்ணீர் நின்ற மட்டம். ஆகவே ஒரு வரியில் உள்ள எல்லா இடமும் ஒரே உயரம். இதுதான் சமவுயரக் கோடு, வேறொன்றும் இல்லை.

இப்போது கரையைச் சுற்றி நடந்து பாருங்கள். அணைக்கட்டுப் பக்கம் கரை செங்குத்து, அங்கே வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கும் பக்கம் சரிவு குறைவு, வரிகள் விலகிப் பரந்து கிடக்கும். படத்திலும் அதே கதைதான். கோடுகள் நெருங்கினால் ஏறுவது கடினம், விலகினால் இலகு. வாய்க்கால் வந்து விழும் இடத்தில் வரிகள் எல்லாம் வாய்க்காலுக்குள் நுழைந்து, அது வரும் பக்கம் நோக்கி மூக்குப்போல் கூராக நீளும். மலைப் படத்தில் அந்த மூக்கு உயரமான பக்கத்தை நோக்கினால் அது ஓடை அல்லது பள்ளம். தாழ்வான பக்கத்தை நோக்கினால் அது மலையின் முதுகு. முகிலுக்குள் நிற்கும்போது பள்ளத்துக்கும் முதுகுக்கும் வித்தியாசம் தெரியாமல் போவதுதான் மிக ஆபத்தான பிழை. ஆகவே இந்த ஒன்றை மட்டும் நேரம் எடுத்துப் பழகுங்கள்.

இரண்டு கோடுகளுக்கு இடையே எத்தனை மீற்றர் உயரம் என்பது படத்தின் ஓரத்தில் எழுதியிருக்கும். 20 மீற்றர் என்றால், பாதை பத்துக் கோடுகளைக் கடந்து மேலே போகிறது என்றால் 200 மீற்றர் ஏறுகிறீர்கள். யாழ்ப்பாணத் தாளில் இந்தக் கோடுகளைத் தேடிக் களைக்க வேண்டாம். குடாநாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 10 மீற்றரைத் தாண்டாது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி. கையை இறுக்கி முட்டி பிடியுங்கள். பேனையால் ஒவ்வொரு விரல் மொளியையும் சுற்றி ஒரு வட்டம், அதற்கு வெளியே இன்னொன்று, மொளிகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தையும் தழுவி இன்னொன்று என்று வரையுங்கள். பிறகு கையை விரித்துவிடுங்கள். மலை போய்விட்டது, படம் நிற்கிறது. தூரத்திலிருந்து முட்டி பிடித்த கையின் மொளிகள் போலத் தெரிவதால்தான் ஆங்கிலேயர் அந்த மலைத்தொடருக்கு நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

படத்தைத் திருப்புங்கள்

எழுத்து நேராகத் தெரிய வேண்டும் என்று படத்தைப் புத்தகம்போலப் பிடிப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். அதை முதல் நாளே விட்டுவிடுங்கள். படத்தின் வடக்கு நிலத்தின் வடக்கை நோக்கும்படி திருப்பிப் பிடியுங்கள். எழுத்து தலைகீழாக நின்றால் நிற்கட்டும். அப்போது படத்தில் வலப்பக்கம் போகும் ஒழுங்கை நிலத்திலும் உங்கள் வலப்பக்கம் போகும். மனதுக்குள் எதையும் சுழற்ற வேண்டியதில்லை.

கொம்பாசைப் படத்தின் மேல் வைத்து, ஊசியின் சிவப்பு நுனி படத்தின் மேல் விளிம்பைப் பார்க்கும் வரை படத்தையும் உங்களையும் சேர்த்துத் திருப்பினால் போதும். நிற்கும் இடத்தில் பெருவிரலை வைத்துக்கொள்ளுங்கள். நடக்க நடக்க விரலும் படத்தில் நகரட்டும். ஒவ்வொரு சந்தியிலும் முடக்கிலும் நின்று, "சரி, இப்போது வலப்பக்கம் ஒரு கேணி வர வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். கேணி வந்தால் நடக்கலாம். வராவிட்டால் உடனே நின்றுவிடுங்கள். ஹோட்டன் சமவெளி போன்ற இடங்களில் பாதையை விட்டு விலக அனுமதியில்லை. அங்கே உங்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இந்தப் பெருவிரல் வேலைதான்.

திசைகோள் எடுப்பது

பாதை இல்லாத இடத்தில், அல்லது பாதை தெரியாத முகிலில், எண்ணை வைத்து நடக்க வேண்டியிருக்கும். கணித பாடத்தில் படித்த அதே திசைகோள்தான். வடக்கிலிருந்து கடிகார முள் சுற்றும் பக்கமாக 0 முதல் 360 பாகை வரை எண்ணினால் கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270.

நடப்பவர்களுக்கு ஏற்றது கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்ரிக் தட்டு வைத்த கொம்பாஸ். தட்டின் முனையில் ஓர் அம்பு, அதுதான் நீங்கள் போகும் திசை. நடுவில் பாகை எழுதிய வளையம், அதைக் கையால் சுழற்றலாம். வளையத்தின் அடியில் ஒரு வெற்று அம்பும் சில இணைகோடுகளும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஊசி தனியே மிதக்கும்.

செய்யும் முறை இது. படத்தில் நிற்கும் இடத்தையும் போகும் இடத்தையும் தட்டின் விளிம்பு தொடும்படி வையுங்கள், முனை அம்பு போகும் இடத்தை நோக்கட்டும். இப்போது தட்டு அசையாமல் வளையத்தை மட்டும் சுழற்றி, அடியில் உள்ள இணைகோடுகள் படத்தின் வடக்கு நோக்கிய கோடுகளோடு ஒத்து நிற்கச் செய்யுங்கள். இந்தக் கட்டத்தில் ஊசி எங்கே பார்க்கிறது என்று கவனிக்கவே வேண்டாம். முனை அம்புக்கு நேரே வளையத்தில் ஓர் எண் நிற்கும். அதுதான் திசைகோள். பிறகு கொம்பாசைப் படத்திலிருந்து எடுத்து நெஞ்சுக்கு நேரே மட்டமாகப் பிடித்து, ஊசியின் சிவப்பு நுனி வெற்று அம்புக்குள் வந்து அமரும் வரை நீங்களே சுழலுங்கள். முனை அம்பு காட்டும் பக்கம்தான் நடக்க வேண்டிய பக்கம்.

எண் கிடைத்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: போக வேண்டிய இடம் படத்தில் பொதுவாக எந்தப் பக்கம்? கிழக்கே என்றால் எண் 90-ஐ ஒட்டி வர வேண்டும். 270-ஐ ஒட்டி வந்தால் தட்டைத் தலைமாறி வைத்துவிட்டீர்கள். தொடங்குபவர்கள் விடும் பிழைகளில் பாதி இதுதான்.

ஊசியைப் பார்த்துக்கொண்டே நடக்கக் கூடாது. அம்பு காட்டும் நேரில் ஒரு மரத்தைப் பார்த்து வைத்து அதுவரை நடந்து, அங்கே நின்று அடுத்த மரத்தைப் பிடிக்க வேண்டும். பனங்கூடலுக்குள் இது சோதனையாக இருக்கும், எல்லாப் பனையும் ஒன்றுபோலவே தெரியும். ஆல் பற்றிய பனை, வட்டு முறிந்த பனை என்று அடையாளம் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள்.

வழியில் தாழம்பற்றையோ தண்ணீரோ குறுக்கிட்டால் வலப்பக்கம் 90 பாகை திரும்பி அடி எண்ணி நடங்கள், நாற்பது அடி என்று வைப்போம். பிறகு பழைய திசையில் பற்றையைக் கடக்கும் வரை போய், இடப்பக்கம் 90 பாகை திரும்பி அதே நாற்பது அடி வந்தால் பழைய நேருக்குத் திரும்பிவிடுவீர்கள். மீண்டும் முதல் திசைகோளைப் பிடித்து நடக்கலாம்.

ஊசியின் வடக்கும் படத்தின் வடக்கும்

காந்த ஊசி பூமியின் வட முனையை நேராகக் காட்டுவதில்லை, காந்தப் புலம் இழுக்கும் பக்கத்தைத்தான் காட்டும். இந்த வித்தியாசம் ஊருக்கு ஊர் மாறும், காலத்தோடும் மெல்ல மாறும். இலங்கையில் அது இப்போது மேற்குப் பக்கமாக ஏறத்தாழ 2 பாகை. ஆகவே படத்தில் எடுத்த எண்ணோடு 2-ஐக் கூட்டி நடக்க வேண்டும். நிலத்தில் கொம்பாசால் எடுத்த எண்ணைப் படத்தில் வரைவதற்கு முன் 2-ஐக் கழிக்க வேண்டும்.

இரண்டு பாகையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒரு கிலோமீற்றருக்கு 35 மீற்றர் விலகுவீர்கள். நான் பழகிய மணல்காட்டில், அதாவது எங்கள் குடாநாட்டுக் கரையோர மணல் திட்டு ஊரில், அது பெரிய விசயமில்லை. மூன்று கிலோமீற்றருக்கு நூறு மீற்றருக்கு மேல் விலகும், மலையில் அந்த நூறு மீற்றரில் ஒரு செங்குத்துப் பாறை இருக்கலாம். உலகின் வேறு பகுதிகளில் இந்த வித்தியாசம் 15, 20 பாகைகூட வரும். ஆகவே கனடாக்காரர் ஒருவர் காணொளியில் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நோர்வேயிலிருந்து வந்த கொம்பாஸ்

என் முதல் கொம்பாஸ் சித்தியின் மகன் நோர்வேயிலிருந்து கொண்டுவந்து தந்தது. நல்ல சாமான். ஆனால் இங்கே ஊசி சரியாகச் சுழலவில்லை, தெற்கு நுனி தாழ்ந்து அடித்தட்டில் உரசிக்கொண்டு நின்றது. பழுது என்றே நினைத்தேன். காரணம் பூமியில் இருந்தது. நோர்வேயில் காந்தப் புலம் நிலத்துக்குள் 70 பாகைக்கும் மேல் சரிந்து போகிறது. அது ஊசியின் வடக்கு நுனியைக் கீழே இழுக்கும். அதைச் சமப்படுத்தத் தெற்குப் பக்கத்தில் கொஞ்சம் பாரம் வைத்துச் செய்கிறார்கள். யாழ்ப்பாணமோ காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே புலம் ஏறக்குறைய நிலத்துக்குச் சமாந்தரம், ஊசியைக் கீழே இழுக்க ஒன்றுமில்லை, வைத்த பாரம் மட்டும் தெற்கு நுனியைத் தாழ்த்திவிடுகிறது. வெளிநாட்டில் உறவினர் வாங்கி அனுப்புவதாகச் சொன்னால், இந்தப் பகுதிக்குச் சமப்படுத்தியதா, அல்லது எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஊசியா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். ஒரு விடியற்காலை மணல்காட்டுத் திட்டில் ஏறி நின்று கொம்பாசை எடுத்தேன். எதிரே கடலுக்கு மேல் வானம் சிவந்துகொண்டு வருகிறது. ஊசியைப் பார்த்தால் அந்தப் பக்கம் மேற்கு என்கிறது. கொஞ்ச நேரம் என் கண்ணையே நம்ப முடியவில்லை. சூரியன் பிழைக்காது, ஆகவே பிழை ஊசியில். பல நாளாகக் கைபேசியும் கொம்பாசும் பையில் ஒரே அறைக்குள் கிடந்தன. கைபேசி ஒலிபெருக்கியின் காந்தமோ அதன் உறையின் காந்தப் பூட்டோ ஊசியைத் தலைமாற்றிவிட்டிருக்கிறது, சிவப்பு நுனி தெற்கைக் காட்டத் தொடங்கியிருக்கிறது. இது முகிலுக்குள் நடந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அன்றிலிருந்து கொம்பாசுக்குத் தனி அறை. ஒவ்வொரு நடையும் தொடங்கும் முன், திசை நன்றாகத் தெரிந்த இடத்தில் நின்று ஊசியை ஒருமுறை சரிபார்க்கிறேன். கத்தி, முள்ளுக்கம்பி வேலி, வாகனம், கம்பி போட்ட கொங்கிறீற் எல்லாமே ஊசியை இழுக்கும். மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு திசைகோள் எடுக்க வேண்டாம்.

சூரியனையும் கவனமாக நம்புங்கள்

சூரியன் கிழக்கில் உதிக்கும் என்பது பொதுவாகச் சரி. நேர் கிழக்கில் உதிப்பது மார்ச், செப்டெம்பர் மாதங்களின் மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான். ஜூனில் வடக்குப் பக்கமாகவும் டிசெம்பரில் தெற்குப் பக்கமாகவும் எங்கள் வானில் 24 பாகை வரை விலகி உதிக்கும். மேல்நாட்டுக் கைநூல்கள் நடுப்பகலில் சூரியன் தெற்கே நிற்கும் என்று சொல்லும், கைக்கடிகார முள்ளை வைத்துத் திசை காணும் வித்தையும் அதை நம்பியதுதான். யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். அதிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். அந்த மாதங்களில் கைநூலை நம்பினால் நேர் எதிர்ப்பக்கம் போவீர்கள்.

துருவ நட்சத்திரம் மாறாது. ஆனால் அது அடிவானத்திலிருந்து எழும் உயரம் நிற்கும் இடத்தின் அகலாங்குக்குச் சமம், எங்களுக்கு 10 பாகைக்குச் சற்றுக் குறைவு. நீட்டிய கையின் முட்டி அகலம் ஏறத்தாழ 10 பாகை. பருத்தித்துறைக் கரையில் தெளிவான இரவில் நின்று, கடல் விளிம்பின் மேல் ஒரு முட்டி வைத்து அதற்கு மேலே தேடுங்கள்.

நான் எங்கே நிற்கிறேன்?

திசைகோளைத் தலைகீழாகப் பயன்படுத்தினால் இதற்கும் விடை கிடைக்கும். மணல் திட்டின் மேல் நிற்கிறீர்கள், வல்லிபுர ஆழ்வார் கோயில் கோபுரம் தெரிகிறது. கொம்பாஸ் 310 பாகை என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். படத்துக்காக 2-ஐக் கழித்தால் 308. கோபுரத்திலிருந்து பார்த்தால் நீங்கள் நேர் எதிர்ப்பக்கம், ஆகவே 180-ஐக் கழிக்க 128. படத்தில் கோயிலில் பாகைமானியை வைத்து 128 பாகையில் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் எங்கோ நிற்கிறீர்கள். இப்போது வேறு பக்கம் தெரியும் தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று 220 என்று வந்தால், 2 கழித்து 218, அதிலிருந்து 180 கழித்து 38. அங்கிருந்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் நீங்கள். இரண்டு அடையாளங்களும் ஒன்றுக்கொன்று செங்கோணத்துக்குக் கிட்டவாக இருந்தால் வெட்டும் புள்ளி தெளிவாக வரும். மூன்றாவதும் கிடைத்தால் இன்னும் நல்லது.

எங்கே பழகலாம்

முதல் இரண்டு வாரம் உங்கள் ஊர் ஒழுங்கைகளே போதும், பெருவிரல் வேலைக்கு. அப்புறம் மணல்காட்டுக்குப் போங்கள். மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயில் இடிபாட்டிலிருந்து ஒரு திசைகோள் எடுத்துச் சவுக்குத் தோப்புக்குள் நுழைந்தால், நூறு மீற்றருக்குள் அடையாளம் எல்லாம் மறைந்துவிடும். முகிலுக்குள் நடப்பதற்கு மிகக் கிட்டிய அனுபவம் அதுதான். வல்லை வெளியும் நல்லது. அங்கே மறைப்பே இல்லாததால் தூரத்தைக் கண் எவ்வளவு குறைத்து மதிக்கிறது என்று தெரியும்.

ஒரு விடயத்தில் சமரசம் வேண்டாம். வடக்கில் இன்னும் மிதிவெடி அபாயம் உள்ள இடங்கள் இருக்கின்றன. மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு அடையாளமோ கண்டால் திரும்பிவிடுங்கள். ஊரவர் நடக்காத பற்றைக்குள் பயிற்சிக்காக ஒருபோதும் இறங்க வேண்டாம்.

அடி எண்ணுவதையும் இங்கேயே பழகுங்கள். பள்ளிக்கூட மைதானத்தில் 100 மீற்றர் அளந்து, இடக்கால் நிலத்தைத் தொடும் தடவையை மட்டும் எண்ணி நடங்கள். எனக்கு 64 வரும். மணலில் அது 75 ஆகும், மலையேற்றத்தில் இன்னும் கூடும்.

ஒரு நுட்பத்தை நாங்கள் அறியாமலே அறிந்திருக்கிறோம். செல்வச் சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே நடக்கும்போது கடல் இடக்கைப் பக்கம் இருக்கும். அது அப்படி இருக்கும் வரை திசை பிழைக்காது. மலையில் ஓடையோ முகடோ தேயிலைத் தோட்டத்து எல்லையோ அந்தக் கடலின் வேலையைச் செய்யும். நடை தொடங்கும் முன் அப்படி ஒன்றைப் படத்தில் தேடி வையுங்கள்.

மற்றது, வேண்டுமென்றே கொஞ்சம் ஒரு பக்கம் விலகிப் போவது. வீதியோரத்தில் சைக்கிளை விட்டு வந்திருக்கிறீர்கள், ஒரு கிலோமீற்றர் தள்ளி நின்று திரும்புகிறீர்கள். நேரே சைக்கிளுக்குக் குறி வைத்தால், 5 பாகை பிசகினாலே 87 மீற்றர் தள்ளி வீதியில் ஏறுவீர்கள், சைக்கிள் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாது. முதலிலேயே பத்துப் பாகை இடப்பக்கமாகக் குறி வைத்துப் போனால், வீதியில் ஏறியதும் யோசிக்காமல் வலப்பக்கம் திரும்பலாம்.

நேரக் கணக்குக்கு ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணி. 6 கிலோமீற்றர் நடை, 450 மீற்றர் ஏற்றம் என்றால் இரண்டு மணிக்குக் கிட்ட. எங்கள் வெக்கையும் அட்டைக் கடியும் சேர்ந்தால் நான் அதைப் பாதியால் கூட்டி மூன்று மணி என்றே வைப்பேன்.

ஒரு வருடம் கழித்து அதே ஐந்து பேரும் நக்கிள்ஸ் போனோம். அனுமதிச்சீட்டு எடுத்து, போகும் வழியைக் காட்டிலாகா ஆட்களிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினோம். பத்தரை மணிக்கு முகில் இறங்கியது. படத்தைத் திருப்பி வைத்தோம், பெருவிரல் ஒரு முதுகின் மேல் நின்றது, அடுத்தது ஓர் ஓடை, 400 மீற்றரில். தம்பி ஒருவன் கொம்பாஸ் பிடித்தான், நான் அடி எண்ணினேன். மூன்று தரம் நின்று திசை பார்த்தோம். இருநூற்றுத் தொண்ணூறு எண்ணும்போது ஒன்றும் கேட்கவில்லை. முந்நூற்றுப் பத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் நின்றோம். கீழே, இடப்பக்கமாக, தண்ணீர் ஓடும் சத்தம்.